ஷட் டவுன் கொடுத்தால் அணையாத லேப்டாப்: ஃபார்மட்தான் மருந்தா?

ஜூன் 8, மாலை 6.15

திங்கள்சந்தையிலிருந்து ஒருவர் கேட்டது:

"ஷட் டவுன் கொடுத்தால் திரை அணைந்துவிடுகிறது. ஆனால் பவர் பட்டன் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது. அரை மணி நேரம் பார்த்தாலும் அப்படியேதான். பட்டனை அமுக்கிப் பிடித்தால்தான் அடங்குகிறது. கடையில் கொடுத்து ஃபார்மட் பண்ணினேன். பத்து நாள் ஒழுங்காக இருந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இந்த வியாதிக்கு ஃபார்மட்தான் மருந்து என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாசம் ஒரு தடவை பண்ணவா?"

ஜூன் 8, இரவு 10.40

பண்ண வேண்டாம். பத்து நாளில் திரும்பி வந்தது என்றால் ஃபார்மட் அதைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

எனக்கும் இதே தொல்லை உண்டு, ஆனால் சரியாக இதே இல்லை. என் லேப்டாப்பில் "ஷட்டிங் டவுன்" என்ற எழுத்தும் அந்தப் புள்ளி வட்டமும் திரையில் நிற்கும். வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் திரை இருண்டுவிடுகிறது. இது ரெண்டும் ஒரே நோய் இல்லை. எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து.

ஷட் டவுன் கொடுத்ததும் விண்டோஸ் முதலில் திறந்திருக்கும் மென்பொருள்களிடம் "மூடிக்கொள்" என்று சொல்லும். ஒன்று அடம்பிடித்தால் "இந்த ஆப் தடுக்கிறது" என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும். அது நல்ல நிலை, திருடன் கையோடு பிடிபட்ட மாதிரி. அடுத்து உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, பின்னணியில் ஓடும் சர்வீஸ்களை நிறுத்தும். வட்டம் சுற்றுவது பெரும்பாலும் இந்த நேரத்தில். அதற்கப்புறம் ஒவ்வொரு டிரைவருக்கும் (ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) "கரண்ட் போகப்போகிறது, உன் சாமானை அணை" என்று கட்டளை போகும். எல்லாரும் "ஆயிற்று" என்று பதில் சொன்னால்தான் கடைசியில் பயாஸ் (விண்டோஸுக்கும் அடியில், லேப்டாப் போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) வழியாக மின்சாரத்தை வெட்டும். திரை இருண்ட பிறகு விளக்கு எரிகிறது என்றால் இந்தக் கடைசி வாசல்படியில் தடுக்கி நிற்கிறது. அங்கே டிரைவரையும் பயாஸையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஜூன் 9, காலை

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அணையாத லேப்டாப்பை மூடிப் பையில் வைக்காதீர்கள். போன மாதம் குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் மடியில் பை. அருமனை தாண்டுவதற்குள் தொடை சுட்டது. எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் தோசைக்கல். பக்கத்து சீட்டுப் பாட்டி, "மக்களே, உள்ள சோறு வல்லதும் கொண்டுபோறியா?" என்று கேட்டார்.

ஜூன் 10, மதியம்

ஒரு வேடிக்கை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், சிபியு என்று போனால் "அப் டைம்" என்று ஒரு கணக்கு இருக்கும். என்னுடையதில் 20 நாள் காட்டுகிறது! தினமும் ராத்திரி முறையாக அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் கணக்கை மட்டும் மூடும். அடியில் இருக்கும் கெர்னலையும் (விண்டோஸின் மையப்பகுதி) டிரைவர்களையும் ஹைபர்நேஷன் கோப்பில் (நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் சேமிக்கும் கோப்பு) அப்படியே எழுதி வைத்துவிட்டு அணையும். காலையில் அதை எடுத்துப் போட்டு வேகமாக எழும். அதனால் ஒரு டிரைவர் கோணலாக நின்றால் அந்தக் கோணலும் நாள் நாளாகக் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று நாம் காலங்காலமாகச் சொன்ன வைத்தியம் இப்போது ரீஸ்டார்ட்டுக்குத்தான் பொருந்தும். ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினாலும் அந்த ஒரு தடவைக்கு முழுசாக அணையும்.

ஜூன் 11, இரவு 11.50

இன்று மறுபடி ஹேங். 11-ஆம் தேதி எனக்குக் கணக்குத் தலைவலி நாள். ரப்பர் வியாபாரிகள் நாலைந்து பேருக்கு நான்தான் ஜிஎஸ்டி கணக்கு. ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குக்குக் கடைசி நாள். வெளியே மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. எல்லாம் போட்டு முடித்து ஷட் டவுன் கொடுத்தால் வட்டம். இருபது நிமிஷம் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அமுக்கிவிட்டேன்.

வீட்டில் கேட்டாள்: "இனி அதுக்கும் தாலாட்டு பாடணுமாக்கும்?"

ஜூன் 12

இன்று பண்ணியவை: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் என்ன செய்யும் என்ற இடத்துக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்தேன். பழைய ஆன்டிவைரஸைத் தூக்கினேன். பயாஸைப் புதுப்பித்தேன் (கரண்ட் போகாது என்று தெரிந்த நேரம் பார்த்து, பேட்டரி முழுசாக ஏற்றி; நடுவில் நின்றுபோனால் லேப்டாப் செங்கல்தான்).

ஜூன் 17

தீர்ந்தது! ஐந்து நாளாகச் சுத்தமாக அணைகிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் குற்றவாளி. எல்லாரும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஜூன் 18

திங்கள்சந்தைக்காரர் அந்த டிக்கை எடுத்தும் பலன் இல்லையாம். எதிர்பார்த்ததுதான், அவருடையது இருட்டுத் திரை வகை.

அவருக்கு: டிவைஸ் மேனேஜரில் சிஸ்டம் டிவைசஸ் என்ற பட்டியலை விரியுங்கள். இன்டெல் சிப் உள்ள லேப்டாப் என்றால், அந்தச் சிப்போடு ஓடும் ஒரு குட்டிக் கணினியோடு பேசுவதற்கென்று "மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்" என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தைக் கணினி அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பக்கமே இல்லை என்றால், லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று வைத்திருக்கும் டிரைவரைப் போடுங்கள், அது பழைய பதிப்பாக இருந்தாலும். இருட்டுத் திரையில் ஃபேன் ஓடும் பல லேப்டாப்புகளில் கோளாறு இந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது.

ஃபார்மட் பத்து நாள் கேட்டதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். புதிதாக விண்டோஸ் போட்டதும் அதனோடு வரும் பழைய டிரைவர் உட்காரும். அப்புறம் அப்டேட் வந்து புதியதை ஏற்றிவிடும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஜூன் 20, இரவு 11.20

ஜூன் 17 குறிப்பை யாரும் படிக்க வேண்டாம்.

ஜூன் 20, இரவு 11.45

வட்டம் இன்னும் சுற்றுகிறது. போனில் எழுதுகிறேன். மூன்று காரியத்தை ஒரே நாளில் மாற்றிவிட்டு, ஐந்து நாள் கழித்து அதில் ஒன்றுக்கு மாலை போட்டேன் பாருங்கள், அதுதான் மடத்தனம். வலி, ஜுரம், இருமல் மூன்றுக்கும் மாத்திரை விழுங்கிவிட்டு எது கேட்டது என்று சொல்கிற மாதிரி.

ஜூன் 21

காலையில் ஈவன்ட் வியூவரில் (விண்டோஸ் தானாக எழுதும் நாட்குறிப்பைக் காட்டும் இடம்) உட்கார்ந்தேன். விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போனால் அங்கே எண் 41, கெர்னல் பவர் என்று சிவப்பில் நிற்கும். "போன தடவை ஒழுங்காக அணையாமல் எழுந்திருக்கிறேன்" என்று மறுநாள் காலையில் கணினி எழுதும் புகார்ச்சீட்டு அது. காரணம் எதுவும் சொல்லாது. பட்டனை அமுக்கினாலும் 41, கரண்ட் போய் நின்றாலும் 41. ஆனால் தேதியைச் சொல்லும்.

தேதிகளை ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். ஏப்ரல் 12, ஏப்ரல் 21, மே 12, மே 21, ஜூன் 12, ஜூன் 21. எல்லாமே மறுநாள் காலை பதிவு. அதாவது ஹேங் ஆன ராத்திரிகள் 11-உம் 20-உம். 11 ஜிஎஸ்டிஆர்-1 நாள், 20 அடுத்த படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி நாள். தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி அலர்ஜி.

ஜூன் 10-இல் 20 நாள் என்று அப் டைம் காட்டியதே, அதுவும் இதைத்தான் சொல்லியிருக்கிறது. மே 20 ராத்திரி கழுத்தை நெரித்து அணைத்தேன், 21 காலையிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறது. கண் முன்னால் கிடந்தது, நான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21, மாலை

அந்த ரெண்டு நாளில் மட்டும் என்ன வித்தியாசம்? வேலை கூடுதல், பிரவுசரில் முப்பது டேப், லேப்டாப் சூடு. முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் சூடு என்றால் வேலை நடக்கும்போதே நின்றிருக்க வேண்டும்.

அப்புறம்தான் உறைத்தது. வாடிக்கையாளர்களில் ஒன்று மட்டும் கம்பெனி, மற்றவர்கள் தனிக் கடைக்காரர்கள். கடைக்காரர்களுக்குப் போனில் வரும் ஓடிபி போதும். கம்பெனிக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அதற்கு ஒரு யுஎஸ்பி டோக்கன், கட்டைவிரல் அளவு. மாசத்தில் ரெண்டே நாள் பெட்டியிலிருந்து வெளியே வரும்.

ஜூன் 24

நடுவில் ஒரு கிளைக்கதை. அக்காள் மகன் நாகர்கோவிலில் படிக்கிறான், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் போட்டிருக்கிறான். "மாமா, எனக்கும் ஹேங்" என்று படம் அனுப்பினான். கறுப்புத் திரையில் "எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்" என்ற வரி, பக்கத்தில் நொடிக்கணக்கு, மொத்தம் ஒன்றரை நிமிஷம். இது ஹேங் இல்லை மக்கா, காத்திருக்கிறது. ஒரு சர்வீஸ் நிற்க மறுத்தால் சிஸ்டம்டி (அங்கே சர்வீஸ்களை மேய்ப்பது) 90 விநாடி தவணை கொடுக்கும், அதற்குள் நிற்காவிட்டால் கொன்றுவிடும். எந்த சர்வீஸ் என்று அதே வரியில் பெயரும் இருக்கும், அதைத் தேடு என்றேன்.

விண்டோஸிலும் இப்படித் தவணை உண்டு, சர்வீஸ்களுக்குச் சாதாரணமாக 5 விநாடி. இணையத்தில், ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) போய் அதை 2 விநாடி ஆக்கு என்று நிறையப் பேர் உபதேசம் பண்ணுவார்கள். 5 விநாடியை 2 ஆக்கி இருபது நிமிஷ ஹேங்கை எப்படித் தீர்ப்பது?

ஜூன் 25

ரிஜிஸ்ட்ரியில் உருப்படியான ஒன்று உண்டு. பாலிசீஸ், சிஸ்டம் என்ற கிளையில் "வெர்போஸ் ஸ்டேட்டஸ்" என்று ஒரு மதிப்பை உண்டாக்கி 1 கொடுத்தால், வெறும் "ஷட்டிங் டவுன்" என்பதற்குப் பதிலாக எந்த வேலை நடக்கிறது, எந்த சர்வீஸை நிறுத்துகிறது என்று வரி வரியாகச் சொல்லும். போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 28, இரவு

இன்று 11-உம் இல்லை, 20-உம் இல்லை. வேண்டுமென்றே டோக்கனைச் செருகினேன். கையெழுத்துப் போடும் மென்பொருளைத் திறந்து, ரகசிய எண் கொடுத்து, மூடி, ஷட் டவுன்.

வரிகள் ஓடின. சர்வீஸ் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து போயின, எல்லாம் கடந்தாயிற்று. கடைசியில் வெறும் "ஷட்டிங் டவுன்", வட்டம். அப்படியென்றால் சர்வீஸ்கள் எல்லாம் ஒழுங்காகக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டன. நின்றது டிரைவர் படியில்.

பட்டனைத் தொடக் கூடாது என்று முடிவு பண்ணி எழுந்து போய்விட்டேன். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தட்டில் வைத்தபோது கரண்ட் போயிற்று. இருட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அறைக்குள் நீல வெளிச்சம். ஓடிப்போய்ப் பார்த்தால் நீலத்திரை, சோக முகம். அடியில் "டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்".

இத்தனை மாசமாக அது வாய் திறப்பதற்குள் நான் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 29

அந்த வாசகத்துக்கு விளக்கம்: "அணை" என்ற கட்டளை ஒரு டிரைவரிடம் போனது, "ஆயிற்று" என்ற பதில் வரவில்லை, காத்திருந்து காத்திருந்து விண்டோஸ் பொறுமை இழந்தது. இந்தச் சமயத்தில் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் ஒரு சிறு கோப்பு விழும். அதைத் திறந்துகாட்டும் இலவசக் கருவி ஒன்றில் போட்டேன். குற்றவாளி விண்டோஸின் கெர்னல் கோப்பேதான் என்று காட்டியது. இதை நம்பி விண்டோஸைத் திட்டாதீர்கள். காத்திருந்து அலுத்துக் கத்தியவன் அவன், அவன் பெயர்தான் பதிவாகும். பதில் சொல்லாமல் இருந்தவன் பெயரை எடுக்க வின்டிபிஜி மாதிரி கனமான கருவி வேண்டும். நான் செருகிப் பிடுங்கியே பார்த்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

ஜூலை 3

டோக்கன் செருகியபடி மூன்று தடவை ஷட் டவுன்: மூன்றும் ஹேங். டோக்கனைப் பிடுங்கிவிட்டு மூன்று தடவை: மூன்றும் 15 விநாடிக்குள் அணைந்தது. இந்தத் தடவை வேறு எதையும் தொடவில்லை, சத்தியம்.

டோக்கன்தான்.

ஜூலை 4

டோக்கன் இல்லை.

ஜூலை 4, சற்று நிதானமாக

டோக்கன் விற்றவருக்குப் போன் பண்ணினேன். சண்டை போடுகிற குரலில்தான் ஆரம்பித்தேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "அண்ணே, நேரா லேப்டாப்புலயா குத்துறீங்க?"

இல்லை. என் லேப்டாப்பில் ரெண்டே யுஎஸ்பி துளை. ஒன்றில் மவுஸ். இன்னொன்றில் நாலு துளை ஹப், அதில்தான் பிரிண்டர், பென் டிரைவ், டோக்கன் எல்லாம். அந்த ஹப்பைத் துணைச்சாமானாகவே நான் எண்ணவில்லை, வயரின் நீட்சி என்றுதான் மனசில் இருந்தது.

மவுஸைப் பிடுங்கி அந்த இடத்தில் டோக்கனை நேராகச் செருகினேன். கையெழுத்து, ஷட் டவுன். அணைந்தது. மறுபடி. அணைந்தது. ஹப்பில் போட்டேன். வட்டம். ஹப்பில் மவுஸ் மட்டும் போட்டேன். அணைந்தது.

ஆக டோக்கன் தனியாக நல்ல பிள்ளை, ஹப் தனியாக நல்ல பிள்ளை, ரெண்டும் சேர்ந்தால் ஊரை எரிக்கும். எங்கள் தெருவிலேயே அப்படி ரெண்டு பேர் உண்டு.

ஜூலை 5, ஞாயிறு

ஹப்பை ஜன்னல் ஓரம் கொண்டுபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது துளைக்குள் நாலு பித்தளை நாக்கில் ஒன்று பச்சை பிடித்திருக்கிறது. பழைய குத்துவிளக்கு இடுக்கில் பிடிக்குமே, அந்தக் களிம்புப் பச்சை. பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. நான் டோக்கனைச் செருகுவது எப்போதும் அந்த மூன்றாவது துளையில்தான், வலது கைக்கு அதுதான் வாகு.

ஹப் எனக்கு எங்கிருந்து வந்தது? குளச்சலிலிருந்து. மச்சான் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பி ரெண்டு வருஷம் தாங்காது, ஃபேன் இறகு துரு பிடித்துப் புள்ளி புள்ளியாக இருக்கும். உப்புக்காற்று அங்கே யுஎஸ்பியை மட்டும் ஏன் விட்டுவைக்கப்போகிறது? மார்ச்சில் கொடைக்குப் போனபோது, "சும்மா கெடக்கு, கொண்டுபோ" என்று கொடுத்தார். ஏப்ரலிலிருந்து ஹேங். இதுவும் கண் முன்னால்தான் கிடந்தது.

அரைகுறைத் தொடுப்பில் ஏன் மற்ற நேரமெல்லாம் வேலை செய்தது, அணைக்கும்போது மட்டும் ஏன் நின்றது என்று ஒருவர் கேட்டார். நான் புரிந்துகொண்டபடி: கையெழுத்துப் போடும்போது ஒரு தடவை பேச்சு அறுந்தால் மென்பொருள் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. அணைக்கும் கட்டளை அப்படி இல்லை. டோக்கனின் டிரைவர் டோக்கனிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே பதில் சொல்லும். எதிர்முனை பேசாவிட்டால் "எனக்குப் பதில் வரவில்லை" என்று சொல்லிவிட்டு விலகத் தெரிந்த டிரைவரும் உண்டு, வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிற டிரைவரும் உண்டு. இது ரெண்டாவது ரகம்.

ஜூலை 6

அதே ஹப்பில் முதல் துளையில் டோக்கனைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டவருக்கு: பார்த்தேன். அணைகிறது. நாலாவதிலும் அணைகிறது. நல்ல கேள்வி, எனக்குத் தோன்றவில்லை.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டேனா என்றும் கேட்டார். இல்லை, போடவில்லை. எழும்ப ஏழெட்டு விநாடி கூடுதல் ஆகிறது, ஆகட்டும். ஆனால் ஜூன் 17-இல் அதைக் குற்றவாளி என்றேன், அதற்கு வருத்தம்.

ஜூலை 9

திங்கள்சந்தைக்காரர் எழுதியிருக்கிறார். மேனேஜ்மென்ட் எஞ்சின் டிக்கை எடுத்த நாளிலிருந்து மூன்று வாரமாக ஒழுங்காக அணைகிறதாம். "முதலிலேயே சொல்லியிருந்தால் ஃபார்மட் காசு மிச்சம்" என்கிறார். நீங்கள் என்னிடம் வந்ததே ஃபார்மட்டுக்குப் பிறகுதானே ஐயா.

நடுவில் ஒரு நாள் அப்டேட் வந்து அந்த டிக் தானாகத் திரும்ப விழுந்து கிடந்ததாம், மறுபடி எடுத்திருக்கிறார். பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

ஜூலை 11, இரவு 10.05

ஜிஎஸ்டிஆர்-1 எல்லாம் போட்டாயிற்று. டோக்கன் லேப்டாப்பில் நேராக. ஷட் டவுன் கொடுத்துவிட்டுப் போனில் நிறுத்துகடிகாரம் வைத்தேன். 14 விநாடி. விளக்கு அணைந்த பிறகும் நம்பிக்கை இல்லாமல் ஃபேன் துளையில் காதை வைத்துப் பார்த்தேன். வெளியே மழைச்சத்தம் மட்டும்தான்.

ஜூலை 12

மச்சான் போன் பண்ணினார். அவர் புது லேப்டாப் வாங்கியிருக்கிறாராம், அதிலும் ரெண்டே துளைதானாம். "லேய், அந்த ஹப்பை இங்க கொண்டா" என்கிறார். மூன்றாவது துளையில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.